ஊருக்குக் காங்கயம் காளை சிலை: பைபரா, கல்லா?

வெள்ளகோவில்காரன்:
எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து முச்சந்தியில் காங்கயம் காளை ஒன்று வைக்கலாம் என்று இருக்கிறோம். நின்ற கோலம், நிஜக் காளை அளவு. பைபர்தான் மலிவு என்கிறார்கள். எனக்கோ நம்ம ஊர்க் கல்லில் வேண்டும் என்று ஆசை. சரிப்படுமா?

பூண்டி உளி:
திருமுருகன்பூண்டியில் கல் வேலை செய்கிறேனுங்க. பைபர் பேச்சே வேண்டாம், நம்ம வெயிலுக்கு வெளுத்துவிடும். ஆனால் நின்ற காளையைக் கல்லில் கேட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கருங்கல் கன அடிக்கு 75 கிலோவாவது இருக்கும். அந்த உடம்பை நாலு மெல்லிய காலில் நிறுத்துவதா? கோயில் நந்தி படுத்திருப்பதில் இந்த சௌகரியமும் உண்டு. அப்புறம் கொம்பு. பிள்ளைகள் தொங்காமல் விடுவார்களா? முதலில் ஒடிவது அதுதான்.

கொங்கு நாட்டில் புலிகுத்திக்கல் பார்த்திருப்பீர்கள். புலியோடு மல்லுக்கு நிற்கும் வீரனைப் பலகைக்கல்லில் புடைப்பாக எடுத்து நட்டது. அதுபோல ஏழடிக் கல்லில் காளையை எடுங்கள். கொம்பு கல்லோடு ஒட்டியே இருக்கும். பின்பக்கம் உளியே படவேண்டாம். பாறையின் பழுப்புத் தோலும் கல்லைப் பிளக்க ஆப்பு வைத்த குழித்தடமும் தெரியட்டும்.

சாம்பல் நிற மயிலைக் காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுப்பு. கருங்கல்லில் உளியால் பொளிந்த இடம் வெளிர் சாம்பல், மெருகிட்ட இடம் கறுத்துவிடும். திமிலையும் கழுத்தையும் மட்டும் மெருகிட்டால் போதும், பெயின்ட் டப்பாவே திறக்க வேண்டாம்.

வாங்குமுன் கல்லைச் சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். ஓரிடத்தில் சத்தம் மந்தமானாலும் உள்ளே விரிசலுங்க.

நொய்யல்கரை:
சிவன்மலைக் கல் ஆகாதா அண்ணா? மாணிக்கத்தின் இனமான குருந்தக்கல் விளைந்த பாறை. பக்கத்தில் படியூரின் கடல்நிறப் பெரில் கல், கொடுமணலின் பழங்கால மணிப்பட்டறை என்று கதை சொல்லவும் தோதாக இருக்கும்.

பூண்டி உளி:
கதைக்குச் சரி தம்பி. அது நெபிலின் என்ற கனிமம் கலந்த சயெனைட் பாறை. அந்த நெபிலின் மழையில் அரித்துக் குழி விழும். முகத்தில் அம்மை போட்ட காளை எதற்கு? கொடுமணல் கதையைப் பீடத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அவிநாசி வக்கீல்:
முச்சந்தியை மறந்துவிடுங்கள். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பள்ளி வளாகத்துக்குள் கேட்டுப் பாருங்கள், அதற்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

வெள்ளகோவில்காரன்:
பள்ளிக்குள் என்றால் தலைமையாசிரியரிடம் பேசிவிடலாம். புடைப்பே இருக்கட்டுமுங்க.

பூண்டி உளி:
அப்போ வாசல் அகலம் அளந்து சொல்லுங்க. நாலடி அகலம், ஒன்றரை அடி கனம் வைத்தால் கல் மூன்று டன்னுக்கு மேல் வரும், கிரேன் உள்ளே நுழைய வேண்டும். இரண்டடி மண்ணுக்குள் போய்விடும், அந்தப் பங்கில் செதுக்கக் கூலி கிடையாது.