கால் எடுத்தாயிற்று, அடுத்து கீமோ போடலாமா வேண்டாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்

மூன்றாம் லயம் | திங்கள் இரவு 10.40
வணக்கம். எங்கள் நாய் ஜிம்மிக்கு எலும்பில் புற்றுநோய், காலை எடுத்துவிட்டார்கள். இப்போது கீமோ போட்டால் நல்லது, போடாவிட்டாலும் தப்பில்லை, வீட்டில் பேசி வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். இப்படிச் சொன்னால் நான் எப்படி முடிவெடுப்பது? அம்மா, "ஒரு காலை வெட்டினது போதாதா, இன்னும் விஷத்தை வேற ஏத்தப் போறியா" என்று அழுகிறார். தம்பி போடச் சொல்கிறான். டாக்ஸி வேறு கொடுத்திருக்கிறார்கள், அதுவே கீமோதானா, இல்லை அது வேறா? அனுபவம் உள்ளவர்கள் உடனே சொல்லுங்கள். காலையில் நாலரைக்கு லோரி எடுக்க வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கிளினிக் தம்பி | 10.52
அண்ணே, என்ன இனம், என்ன வயது, எத்தனை கிலோ? எந்தக் கால், எந்த எலும்பு? ஆப்பரேஷன் ஆகி எத்தனை நாள்? வெட்டிய எலும்பை ஆய்வுக்கு அனுப்பினார்களா? நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்களா? அந்த "டாக்ஸி"யை உறையில் இருக்கிறபடி எழுத்து விடாமல் எழுதுங்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் கிருமிக்குக் கொடுக்கும் மாத்திரை. டாக்ஸோரூபிசின் என்றால் நரம்பில் ஏற்றும் கீமோ மருந்து. பெயர் பாதி ஒன்று, வேலை வேறு.

பழைய கிராணி | 11.05
இந்த நோயைப் பற்றி இங்கே நான் குறைந்தது நாலு முறை விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. நாய் இன்னது என்றுகூடச் சொல்லாமல் போடலாமா வேண்டாமா என்றால் நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்? உதவி கேட்க வருகிறவர் விவரத்தோடு வர வேண்டும் தம்பி. முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கங்சார் மல்லிகை | 11.11
கிராணி ஐயா, அவர் நொந்து போய் வந்திருக்கிறார், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்களேன். தம்பி, என் டாபர்மேன் பெண்ணுக்கு இதே நோய் வந்தது, பின்னங்கால் முட்டிக்கிட்டே. கீமோ போட்டோம். நீ விவரம் போடு, அக்கா எல்லாம் எழுதுகிறேன்.

பச்சைத்தோட்டம் | 11.30
கீமோ எல்லாம் வேண்டாம். டுரியான் பிளாண்டா (முள் சீத்தா) இலை பத்துப் பதினைந்து பறித்து, மூன்று குவளைத் தண்ணீர் ஒரு குவளையாக வற்றும் வரை கொதிக்க வைத்துக் கொடுங்கள். எங்கள் பெரியப்பா குடித்தார். நாய்க்கு இந்த நோய் ஏன் வந்தது என்றும் யோசியுங்கள். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிறார்கள், நாய் அதில் படுத்துப் புரள்கிறது, காலை நக்குகிறது. அதுதான் காரணம்.

மூன்றாம் லயம் | செவ்வாய் மதியம் 1.15
மன்னிக்கவும், எல்லாம் தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டேன். அல்சேஷன் கலப்பு, ஆண், எட்டு வயது, 34 கிலோ. வலது முன்னங்கால், மணிக்கட்டுக்கு மேலே வீங்கியிருந்தது. செம்பனை முள் குத்தியிருக்கும் என்று ஒரு மாதம் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தோம், அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. தோளோடு எடுத்து இன்றோடு 12 நாள். சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம், டாக்டர் ஈப்போவில். எலும்பை அனுப்பியிருக்கிறார்கள், பதில் வரவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுத்தார்கள். மாத்திரை டாக்ஸிசைக்ளின்தான், உடம்பில் உண்ணி நிறைய இருந்ததால் கொடுத்தார்கள். அது இதற்குச் சம்பந்தம் இல்லை என்று எழுதவில்லை.

கிளினிக் தம்பி | 1.40
சம்பந்தம் இருக்கிறது அண்ணே, நிறைய இருக்கிறது. நான் கால்நடை கிளினிக்கில் ஆறு வருடம் உதவியாளாக இருந்தவன், தோட்டத்து நாய்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உண்ணி கடித்து எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் ஏறினால் பிளேட்லெட் இறங்கிவிடும். டிங்கிக் காய்ச்சலுக்கு எண்ணிப் பார்ப்பார்களே, அதே பிளேட்லெட். கீமோ மருந்தும் எலும்பு மஜ்ஜையைத்தான் அடிக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கசியும், கிருமித் தொற்றும் வரும், உயிருக்கே ஆபத்து. அதனால் ஊசிக்கு முன்னால் முழு ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். 75 ஆயிரம், ஒரு இலட்சம் என்று ஒவ்வொரு டாக்டரும் ஒரு கோடு வைத்திருப்பார், அதற்குக் கீழே இருந்தால் தள்ளிப்போடுவார். ரத்தம் சரியில்லாமல் போடுவதைவிடத் தள்ளிப்போடுவது மேல்.

டாக்ஸிசைக்ளினை வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள், நாய் தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். வெறும் தொண்டையில் மாத்திரையைப் போட்டு விட்டுவிடாமல், சோற்றோடு கொடுத்துத் தண்ணீரும் குடிக்க வையுங்கள். உணவுக் குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும்.

நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று போதாது. இடப்பக்கம், வலப்பக்கம், மேலிருந்து என்று மூன்று கோணம் கேளுங்கள். ஒரு கோணத்தில் மறைவது இன்னொன்றில் தெரியும். நுரையீரலில் ஏற்கெனவே கட்டி தெரிகிறது என்றால் கணக்கே மாறிவிடும்.

பச்சைத்தோட்டம் அண்ணன் சொல்கிற இலை விஷயம் வேண்டாம். நாய்க்கு அது இந்த நோயைக் குறைத்ததற்கு ஆதாரம் இல்லை. அதில் நரம்பைப் பாதிக்கும் பொருள் வேறு உண்டு, குவாதலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலையையும் நிறையச் சேர்த்தவர்களிடம் நடுக்க நோயோடு தொடர்பு பார்த்திருக்கிறார்கள். பிளேட்லெட் குறைந்திருக்கலாம் என்று சந்தேகிக்கும் நாய்க்கு எதையும் கொதிக்க வைத்து ஊற்றாதீர்கள்.

பச்சைத்தோட்டம் | 2.05
பெரியப்பா இன்னும் நடமாடுகிறார். அவ்வளவுதான் சொல்வேன். மருந்தடிப்பதைப் பற்றி யாரும் பேச மாட்டீர்கள், பாராக்குவாட் களைக்கொல்லியை மலேசியாவில் 2020-இல் தடை செய்தார்களே, சும்மாவா செய்தார்கள்?

பழைய கிராணி | 2.30
இந்த நோய் மாடி வீட்டில் ஏசியில் வளரும் கிரேட் டேனுக்கும் செயின்ட் பெர்னார்டுக்கும் வருகிறது, அங்கே யார் புல்லுக்கு மருந்தடித்தார்கள்? பெரிய உடம்பு, நீண்ட எலும்பு, அதுதான் முதல் காரணம். முன்னங்காலில் முட்டியை விட்டுத் தள்ளியும் பின்னங்காலில் முட்டியை ஒட்டியும் வரும் என்பது வைத்தியம் படிப்பவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். உங்கள் நாய்க்கு மணிக்கட்டுக்கு மேலே, ஆக இடம் பொருந்துகிறது. ஆனாலும் ஆய்வு முடிவு வராமல் முடிவெடுக்காதீர்கள். ஆஸ்டியோசர்கோமா என்ற இந்த எலும்புப் புற்றுநோயாக இல்லாமல், குருத்தெலும்பில் வரும் காண்ட்ரோசர்கோமா போன்ற வேறு கட்டி என்றால் கீமோவே தேவைப்படாமல் போகலாம்.

கணக்கைச் சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். காலை மட்டும் எடுத்தால் பாதி நாய்கள் நாலைந்து மாதத்துக்குள் போய்விடும். கீமோவும் சேர்ந்தால் அந்தப் பாதிக்கோடு பத்துப் பன்னிரண்டு மாதத்துக்கு நகரும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் முதல் வகையில் பத்துக்கு ஒன்று இருக்கும், இரண்டாவதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். காலை எடுக்கும்போதே பத்தில் ஒன்பது நாய்க்குக் கண்ணுக்குத் தெரியாத துகளாக நோய் பரவியிருக்கும், அதனால்தான் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் கீமோ சொல்கிறார்கள். குணமாக்குவதற்கு அல்ல, காலம் வாங்குவதற்கு. ரத்தத்தில் ஏஎல்பி என்ற நொதி எவ்வளவு என்று கேட்டு இங்கே போடுங்கள். அது உயர்ந்திருந்தால் இந்தக் கணக்கும் குறையும்.

ராட்வைலர் ராஜா | 3.10
விதை எடுத்த நாயா? எந்த வயதில் எடுத்தீர்கள்? யாருமே கேட்கவில்லையே. 2002-இல் ராட்வைலர்களைப் பற்றி வந்த ஆய்வில், ஒரு வயதுக்கு முன்னால் கருத்தடை ஆப்பரேஷன் செய்த நாய்களில் நாலில் ஒன்றுக்கு எலும்புப் புற்றுநோய் வரும் என்று கண்டார்கள். வளரும் எலும்புக்கு அந்தச் சுரப்பி தேவை. குட்டியிலேயே வெட்டிவிட்டு அப்புறம் அழுகிறோம்.

தெருநாய்த் தோழி | 3.25
இதைத்தான் பயந்தேன். அது ராட்வைலரில் செய்த ஆய்வு, அதுவே இயல்பாக இந்த நோய் அதிகம் வரும் இனம். அதைக் கொண்டு வந்து தோட்டத்து நாய்க்கு ஒட்டாதீர்கள். எங்கள் பக்கம் லயத்துக்குப் பின்னால் சாக்கில் கட்டிப் போட்ட குட்டிகளை நான் கையால் எடுத்திருக்கிறேன், கண் திறக்காத ஏழு குட்டி, இரண்டுக்கு உயிர் இருந்தது. ஆப்பரேஷன் செய்யாத பெட்டைக்குக் கருப்பையில் சீழ் கட்டும், தெருநாய்களிடையே பிறப்புறுப்பில் ஒட்டிப் பரவும் கட்டி வரும். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நாளைக்கு நாலு பேர் ஆப்பரேஷனே வேண்டாம் என்பார்கள்.

ராட்வைலர் ராஜா | 3.40
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அக்கா. பெரிய இன நாய்க்கு வளர்ச்சி முடியட்டும், ஒன்றரை வயதில் செய்யுங்கள் என்கிறேன். வேலிக்குள் வளரும் நாய்க்குச் சொல்வது வேறு, தெருநாய்க்குச் சொல்வது வேறு.

தெருநாய்த் தோழி | 3.52
தோட்டத்தில் எந்த வீட்டுக்கு வேலி இருக்கிறது? ராத்திரி அவிழ்த்து விட்டால் விடியும் வரை எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்?

கங்சார் மல்லிகை | 4.20
இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். தம்பியின் நாய்க்கு வருவோம்.

எங்கள் பெண்ணுக்குக் கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, நாலு தடவை. நாலிலிருந்து ஆறு வரை போடுவார்களாம். ஊசிக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஆனது, சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மனிதர்களுக்குப் போடுகிற அளவு வேகத்தில் நாய்க்குப் போடுவதில்லை, அதனால் முடி கொட்டிச் சுருண்டு கிடக்கும் என்று பயப்பட வேண்டாம். மீசை முடி மட்டும் உதிர்ந்தது. இரண்டாவது ஊசிக்கு மூன்றாம் நாள் சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாந்தி மாத்திரை கொடுத்து, எலும்பில்லாத கோழியை அவித்துக் கையில் பிசைந்து நீட்டினேன், என் விரலை நக்கி நக்கித்தான் சாப்பிட்டாள். மறுநாள் வழக்கம்போல் பூனையை விரட்டினாள். வெள்ளை அணு பத்து நாளுக்கு மேல்தான் அடிமட்டத்துக்கு இறங்கும், அந்தச் சமயத்தில் காய்ச்சலோ சோர்வோ வந்தால் இரவானாலும் காத்திருக்காதே.

ஆப்பரேஷனுக்குப் பிறகு பதினோரு மாதம் இருந்தாள். கடைசியில் நுரையீரலுக்குப் போய்விட்டது. தூங்கும்போது மூச்சை எண்ணுவேன், நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டியபோது தெரிந்துவிட்டது. அனுப்பி வைத்தோம். இன்னொரு நாய்க்கு வந்தாலும் போடுவேன். ஆனால் காசில்லை, முடியவில்லை என்று நீ விட்டுவிட்டால் அது கொலை இல்லை தம்பி. அவனுக்கு வலியே அந்தக் காலில்தான் இருந்தது, அதைத்தான் எடுத்துவிட்டாயே. அம்மாவிடம் இதைச் சொல்.

மூன்றாம் லயம் | இரவு 9.30
அக்கா, படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.
ஒரு தடவைக்கு ஆயிரம் வெள்ளிக்குப் பக்கம் வரும் என்றார்கள். நாலு தடவை என்றால் தம்பியும் நானும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். பாப்பா பிறக்க இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதற்குள் முடிந்துவிடும்.

கிளினிக் தம்பி | 9.41
அண்ணே, அண்ணி மாசமாக இருக்கிறாரா? இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! ஊசி போட்ட இரண்டு மூன்று நாளுக்கு மருந்து சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் வெளியேறும். அண்ணி அந்தப் பக்கமே போகக் கூடாது, குழந்தைகளும் கூடாது. நீங்கள் கையுறை போட்டு அள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். சிறுநீர் கழித்த இடத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், தெறிக்கிற மாதிரி பைப்பை அழுத்திப் பீய்ச்சாதீர்கள். படுக்கைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். டாக்டரிடமும் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்று வெள்ளிக்கிழமை கட்டாயம் சொல்லுங்கள். தொடக் கூடாது என்பது இல்லை, மற்ற நாட்களில் தலையைத் தடவலாம்.

பழைய கிராணி | 10.05
ஏஎல்பி எவ்வளவு என்று கேட்டேன், இன்னும் பதில் இல்லை. ஈப்போவில் சந்தேகம் தீராவிட்டால் செர்டாங்கில் யுபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவமனை இருக்கிறது, கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். தூரம்தான், இருந்தாலும் ஒரு தடவை கேட்டுவிட்டு வந்தால் மனம் தெளியும்.

கங்சார் மல்லிகை | அடுத்த புதன்
தம்பி, வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று? ஒரு வரியாவது போடு.

தெருநாய்த் தோழி | அதே நாள்
ஜிம்மி எப்படி இருக்கிறான்? ராஜா அண்ணனோடு சண்டை போட்டதில் உங்களிடம் கேட்கவே இல்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் லயம் | நாலு வாரம் கழித்து
அனைவருக்கும் வணக்கம், எழுத நேரமே கிடைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ரத்தம் எடுத்ததில் பிளேட்லெட் 54 ஆயிரம்தான் இருந்தது, டாக்டர் அன்றைக்கு ஊசி பேச்சையே எடுக்கவில்லை. டாக்ஸிசைக்ளினை முழுசாகக் கொடுத்து முடித்தோம், இப்போது 190 ஆயிரம். எலும்பு ஆய்வு ஆஸ்டியோசர்கோமா என்றே வந்தது. மூன்று எக்ஸ்ரேயும் சுத்தம். முந்தாநாள் கார்போபிளாட்டின் முதல் ஊசி போட்டாயிற்று. மனைவி இரண்டு வாரத்துக்குத் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். இன்று காலை நாலரைக்கு லோரியைக் கிளப்பினதும் வாசல் வரை வந்துவிட்டான், அந்த மூன்று காலிலேயே. முன்பெல்லாம் முன்சக்கரத்தில் காலைத் தூக்குவான், இப்போது தோளைச் சக்கரத்தில் சாய்த்துக்கொண்டு நிற்கிறான், அப்படியே ஒன்றுக்கு இருந்துவிட்டுப் போகிறான். கையுறை போட்டு டயரைக் கழுவிவிட்டுத்தான் போனேன்.

பழைய கிராணி | அதே நாள்
நல்லது. ஏஎல்பி?