சார்க் அமைப்பின் நாற்பது ஆண்டுகள்: ஏழை வீட்டுக்கு எட்டியது என்ன?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம், தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் அமைப்பைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "இந்த அமைப்பே இல்லாமல் இருந்திருந்தால் இப்பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு என்ன குறைந்திருக்கும்?" என்று கேட்டார். பாடநூலில் உள்ள விடையை என்னால் மனமறிந்து சொல்ல முடியவில்லை.

1985 டிசம்பரில் டாக்காவில் ஏழு நாடுகள் கூடித் தொடங்கிய அமைப்பு இது; 2007இல் ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. 1991இல் கொழும்பு உச்சி மாநாட்டில் வறுமை ஒழிப்புக்கென்றே தனி ஆணைக்குழு ஒன்றை அமைத்தார்கள். 1993இல் மீண்டும் டாக்காவில் கூடியபோது, 2002ஆம் ஆண்டுக்குள் வறுமையை ஒழிப்பது என்று தலைவர்கள் உறுதி பூண்டார்கள். அந்த ஆண்டு கடந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வறுமை குறையவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வங்காளதேசத்திலும் நேபாளத்திலும் இந்தியாவிலும் கணிசமாகவே குறைந்திருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு நாடும் தனித்தனியே பட்ட பாட்டால் மட்டும் நடந்ததா, அண்டை நாடுகள் கைகோத்ததற்கும் அதில் பங்கு உண்டா என்பதுதான் என் ஐயம். இந்நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வணிகம் அவற்றின் மொத்த வெளிவணிகத்தில் இன்னும் ஐந்து விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது. ஏற்றுமதித் தொழிலிலோ வேளாண்மையிலோ நேரடி அனுபவம் உள்ளவர்கள் எழுதினால், வகுப்பில் அப்படியே எடுத்துச் சொல்வேன்.

பழைய ஏடு:

மாணவி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். சார்க் சாசனத்தின் பத்தாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். எந்த மட்டத்திலும் முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும், இரு நாடுகளுக்கு இடையேயான சிக்கல்களையும் சர்ச்சைக்குரியவற்றையும் பேசக் கூடாது என்கிறது அது. இந்தியாவையும் பாகிஸ்தானையும் ஒரே மேசையில் உட்காரவைக்க அன்று வேறு வழி இருந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாடு தலையசைக்கவில்லை என்றால் மற்ற ஏழு நாடுகளும் கோப்பை மூடிவைக்க வேண்டியதுதான். 2014இல் காத்மாண்டு மாநாட்டில், ஒரு நாட்டு வண்டி மற்ற நாடுகளுக்குள்ளும் ஓட வழிசெய்யும் மோட்டார் வாகன ஒப்பந்தம் அப்படித்தான் நின்றுபோனது. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவேண்டிய மாநாடு, காஷ்மீரின் ஊரியில் இந்திய ராணுவ முகாம் தாக்கப்பட்ட பிறகு கைவிடப்பட்டது. அதன்பின் உச்சி மாநாடு கூடவே இல்லை.

வணிகத்தில் நடந்தது இதைவிட நுட்பமானது. 2006 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சாஃப்டா என்ற தெற்காசியத் தடையிலா வணிக ஒப்பந்தம் சுங்க வரிகளைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. கூடவே, இன்னின்ன சரக்குகளுக்கு வரியைக் குறைக்கமாட்டோம் என்று ஒவ்வொரு நாடும் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது. தொடக்கத்தில் அண்டை நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொண்டிருந்த சரக்குகளில், மதிப்பின்படி ஏறத்தாழப் பாதி அந்தப் பட்டியல்களுக்குள்ளேயே அடங்கிவிட்டது. விதிவிலக்காகச் சொல்லத்தக்க ஒன்று, 2011இல் இந்தியா, இப்பகுதியின் பின்தங்கிய நாடுகளுக்கு 25 பொருள்கள் நீங்கலாக எல்லாவற்றுக்கும் வரியை நீக்கியது. வங்காளதேசத்து ஆயத்த ஆடைகளுக்கு அதனால்தான் இந்தியச் சந்தை திறந்தது. அந்தத் தையல் கூடங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வந்த பெண்கள் என்பதை மாணவியிடம் சொல்லுங்கள்.

வரி குறைந்தாலே ஏழைக்குப் பயன் கிடைத்துவிடும் என்பதும் இல்லை. 2000 மார்ச்சில் இந்திய–இலங்கைத் தடையிலா வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு, வெளிநாட்டுப் பாமாயிலைக் குறைந்த வரியில் இலங்கைக்குக் கொண்டுவந்து, அங்கே வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பும் ஆலைகள் முளைத்தன. இரு நாட்டு வரிகளுக்கு இடையே இருந்த வேறுபாட்டை நம்பியே எழுந்த தொழில் அது. இந்தியா ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் என்று வரம்பு கட்டியது, பாமாயில் வரியையும் குறைத்தது, ஆலைகள் மூடப்பட்டன.

இன்றைக்கு எனக்கு நம்பிக்கை தருவது இரண்டு, மூன்று நாடுகள் மட்டும் சேர்ந்து செய்பவை. நேபாளத்து நீர்மின்சாரம் 40 மெகாவாட், இந்திய மின்தடங்கள் வழியாக வங்காளதேசத்துக்குப் போகிறது. 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் யூனிட் விலை 6.4 அமெரிக்க சென்ட். இமயத்து ஆறுகளில் நீர் பெருகியிருக்கும் ஜூன் நடுவிலிருந்து நவம்பர் நடு வரையிலான ஐந்து மாதங்களுக்கு மட்டுமே அது. அளவு சிறியதுதான். ஆனாலும் எல்லை தொட்டுக்கொள்ளாத இரண்டு நாடுகளுக்கு நடுவே மூன்றாவது நாடு வழிவிட்டது என்பதைப் பெரிய மாற்றமாகவே பார்க்கிறேன்.

உப்பளக்காற்று:

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். கொழும்புக்கும் மாலத்தீவின் மாலேக்கும் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாகக் கணக்கும் ஆவணங்களும் பார்த்துவருகிறேன். மேலே ஐயா எழுதிய ஒப்பந்தங்களையெல்லாம் நாங்கள் ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதிச் சுங்க ஆவணத்தில் ஒரு கட்டமாகத்தான் பார்ப்போம். எங்களுக்கு வரியைவிடப் பெரிய கவலை, நேற்றுவரை அனுப்பிய சரக்கை இன்று அனுப்பலாமா கூடாதா என்பதுதான்.

2020 செப்டம்பர் 14 அன்று பல்லாரி, அதாவது பெரிய வெங்காய ஏற்றுமதிக்கு உடனடித் தடை வந்தது. விலை ஏறிப்போனதால் உள்நாட்டு மக்களைக் காக்க எடுத்த முடிவு. அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று காலை வலைச்சாக்குகளில் கட்டி வந்திறங்கிய வெங்காயம் எங்கள் கிட்டங்கியில் அப்படியே தங்கிவிட்டது. நான்காம் நாள் அடிவரிசைச் சாக்குகளிலிருந்து தண்ணீர் கசியத் தொடங்கியது. உள்ளே போனால் கண் எரியும். கூலிக்கு வந்த பெண்கள் தரையில் உட்கார்ந்து சாக்குகளை அவிழ்த்து, அழுத்திப் பார்த்து, கெட்டியாக இருந்தவற்றை மட்டும் பொறுக்கிக் கூறு கட்டினார்கள். மிச்சத்தைக் குப்பை வண்டியில் ஏற்றினோம். அதே நாட்களில் வங்காளதேச எல்லையில் பெட்ராபோலில் லாரிகள் வரிசையாக நின்று, அவற்றிலும் சரக்கு அழுகியது. சில நாள் கழித்து 25,000 டன்னை மட்டும் அனுப்ப அனுமதித்தார்கள். அதற்குள் டாக்காவில் விலை எகிறிவிட்டது. அவர்கள் துருக்கியிலும் எகிப்திலும் வாங்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் பொருளுக்குக் கடல் தாண்டிப் போக நேர்ந்தால், கூடுதல் விலையைக் கொடுப்பது தினக்கூலியில் வாழ்கிறவர்தான். 2019இலும் இப்படி நடந்தது; 2023 டிசம்பரில் மறுபடியும் நடந்தது. தடை போடவே கூடாது என்று நான் கேட்கவில்லை. ஏற்கெனவே விலை பேசி, கட்டி, துறைமுகத்துக்கு வந்துவிட்ட சரக்கையாவது போகவிட வேண்டும் என்று நாடுகளுக்குள் எழுதிவைத்துக்கொள்ள முடியாதா?

செம்மண்தோட்டம்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தூத்துக்குடி அண்ணன் சொன்னது முழுவதும் உண்மை. தடை வரும்போது எங்களுடைய சந்தையிலும் பம்பாய் வெங்காயத்தின் விலை ஏறும், வாங்கிச் சமைக்கும் சனம் கஷ்டப்படும். ஆனால் கமக்காரர் வீட்டில் பிறந்தவள் என்ற வகையில் மறுபக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது.

எங்கள் தோட்டங்களில் மாரி மழை ஓயும்போது உருளைக்கிழங்கு நடுவோம். மாசி, பங்குனியில் கிண்டுவோம். விதைக்கிழங்கு, உரம், இறைப்பு எல்லாம் கடனில்தான். கிண்டுகிற அதே கிழமையில் இறக்குமதிக் கிழங்கு பாரவூர்திகளில் வந்து குவிந்தால், எங்கள் கிழங்கை வியாபாரி கேட்கிற விலைக்கே கொடுக்க வேண்டும். குளிர்களஞ்சியம் இல்லாதவர் என்ன செய்வார்? தம்புள்ளைப் பக்கம் பெரிய வெங்காயம் செய்பவர்களுக்கும் இதே நிலைதான். அரசாங்கம் அறுவடைக் காலத்தில் இறக்குமதி மீதான விசேட வரியைக் கூட்டும். சில வருடம் அது பிந்தி வரும், வந்தும் பயன் இராது. வணிகத்தைத் திறந்துவிட்டால் வறுமை குறையும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்வோரிடம், எந்த மாதத்தில் திறப்பீர்கள் என்று நான் கேட்பேன். வாங்குகிறவரும் ஏழை, விளைவிக்கிறவரும் ஏழை.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. ஒருவர் வரத்து நிற்கக் கூடாது என்கிறார். மற்றவர் தவறான நேரத்தில் வரக் கூடாது என்கிறார். இரண்டையும் சேர்த்து எழுதிய ஏற்பாடு ஏதேனும் இப்பகுதியில் நடைமுறையில் உள்ளதா?

உப்பளக்காற்று:

முதல் பாதி இருக்கிறது, ஐயா. 1981இல் இந்தியாவும் மாலத்தீவும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தின்படி அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, ஆற்று மணல், ஜல்லி ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் அளவு குறித்து அனுமதி தருகிறார்கள். உலகத்துக்கே தடை போட்ட காலங்களிலும் அந்த அளவு மாலத்தீவுக்குப் போனது. 2024 தொடக்கத்தில் இரு அரசுகளுக்கும் இடையே கசப்பு முற்றியிருந்த நேரத்தில்கூட அளவைக் குறைக்கவில்லை, கூட்டித்தான் தந்தார்கள். எங்கள் பழைய துறைமுகத்தில் தோணியில் மூட்டை ஏற்றுகிற தொழிலாளிக்கும் அதனால் வேலை நின்றுபோகவில்லை.

ஆனால் மாலத்தீவில் அந்தப் பயிர்களை விளைவிக்கும் உழவர் இல்லை; அதனால் யாருக்கும் இழப்பு இல்லாமல் போயிற்று. இலங்கைக்கு இதே ஏற்பாட்டைச் செய்வதென்றால் தங்கை சொன்னதுபோல் அளவோடு மாதத்தையும் சேர்த்து எழுத வேண்டும். அதற்கு உங்கள் பக்கத்து அறுவடைக் கணக்கு எங்களுக்குத் தெரிய வேண்டும்.

செம்மண்தோட்டம்:

எங்கள் உருளைக்கிழங்குக்குப் பெப்ரவரி, மார்ச். தம்புள்ளை, மாத்தளைப் பெரிய வெங்காயத்துக்கு ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை. இந்த மாதங்களில் குறைத்து, மற்ற மாதங்களில் நிற்காமல் அனுப்பினால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. மழை பிந்தும் வருடத்தில் அறுவடையும் இரண்டு மூன்று கிழமை தள்ளிப்போகும்; அதற்கும் இடம் விட்டு எழுத வேண்டும்.