புதுப்பிப்பு: திம்பம் மலையில் நின்றுபோன அம்பாசிடர், காரணம் தெரிந்துவிட்டது

அப்பாவின் 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர், பண்ணாரி தாண்டித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் உச்சி வெயிலில் ஏறினால் அணைந்துவிடுகிறது, ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்றினோம், பலனில்லை. டேங்குக்குள் காற்று போகட்டும் என்று மூடியைத் தளர்த்தியும் பார்த்தோம், அதிலும் பலனில்லை. கோபி நண்பர் சொன்னதுதான் கை கொடுத்தது: வண்டி நின்றதும் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றச் சொன்னார். துணியிலிருந்து ஆவி எழுந்தது. சற்று நேரத்தில் செல்ஃப் அடித்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது! சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்பு வெறும் ஆவியை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. சத்தியமங்கலத்து மெக்கானிக் அண்ணன், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (இன்ஜினின் சூடான புகை வெளியேறும் பகுதி) ஒட்டிப் போன பெட்ரோல் குழாயை விலக்கி வளைத்து, வெப்பம் தாங்கும் உறை போட்டுக் கொடுத்தார்.

எதிர்பாராத ஒன்று: கழற்றிய பெட்ரோல் ரப்பர் ஹோஸின் உள்புறம் கரும்பொடியாக விரலில் ஒட்டியது. பம்பின் டயாபிரமும் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு) விறைத்துக் கிடந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்குவதில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸும் புது டயாபிரமும் மாட்டினோம். 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு உதிரிபாகம் கோவையில் இன்னும் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அப்பாவை முன் இருக்கையில் உட்காரவைத்து, அதே வெயிலில் ஆசனூர் வரை போய் வந்தோம். எங்கும் நிற்கவில்லை. இதே தொல்லை உள்ளவர்கள் ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். வெளியே பார்த்தால் புதிது போலத்தான் இருக்கும்.