லுவார் பள்ளத்தாக்கு: மூன்று நாள்களில் எந்தெந்த அரண்மனைகளைப் பார்க்கலாம்?

வைகைக்கரை:

வணக்கம். வரும் செப்டம்பரில் என் பெற்றோர் மதுரையிலிருந்து பாரிசுக்கு வருகிறார்கள். அவர்களை மூன்று நாள்கள் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அரண்மனைகளுக்கு அழைத்துச் செல்லலாம் என்று எண்ணியிருக்கிறேன். அம்மா முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவர்; வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணம் அவருக்குப் பிடிக்காது. ஆனால் முழங்கால் வலி உண்டு. ஏறிவிடுவார், இறங்குவதுதான் சிரமம். அப்பாவுக்கு வரலாற்றில் அவ்வளவு நாட்டமில்லை, மொட்டைமாடித் தோட்டம்தான் அவருடைய உலகம். எனக்கு இங்கே ஓட்டுநர் உரிமம் இன்னும் கிடைக்காததால் ரயிலையும் பேருந்தையும்தான் நம்ப வேண்டும்.

எந்த ஊரில் தங்குவது, மூன்று நாள்களில் எத்தனை இடங்களைப் பார்க்க முடியும் என்பவற்றோடு இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஷாம்போர் அரண்மனைக்குப் போய்வந்த அலுவலக நண்பர் ஒருவர், "வெளியே பிரமாண்டம், உள்ளே வாடகைக்கு விடப்போகிற வீடு மாதிரி காலி" என்கிறார். அப்படியானால் அதை விட்டுவிடலாமா?

தூர்வாசி:

நான் பதினொரு ஆண்டுகளாகத் தூர் நகரில் வசிக்கிறேன். வருகிற உறவினர்களையெல்லாம் அழைத்துப் போய்ப் போய், ஷெனோன்சோவின் வாயில் மரங்களுக்கே என்னைத் தெரிந்திருக்கும். முதல் தடவை என் மாமாவுக்கு மூன்று நாள்களில் ஆறு அரண்மனைகளைக் காட்டினேன். ஊருக்குத் திரும்பிய பிறகு படங்களைப் புரட்டிய அவர், எந்தக் கட்டில் எந்த அரண்மனையில் இருந்தது என்று கேட்டபோது எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு நாளைக்குப் பெரியது ஒன்று. கால்கள் ஒத்துழைத்தால் மாலையில் சிறியது ஒன்று என்றுதான் வைத்துக்கொள்கிறேன்.

தங்குவதற்குத் தூர் வசதியானது. பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். பல ரயில்கள் பக்கத்து ஊரான சேன்-பியேர்-தே-கோரில் நின்றுவிடும். அங்கிருந்து ஐந்து நிமிட இணைப்பு ரயிலில் ஏறினால் நகர மையத்துக்கு வந்துவிடலாம். தூரிலிருந்து அம்புவாசுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம், ஷெனோன்சோவுக்கு அரை மணி.

ஷெனோன்சோவைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தை விட்டு இறங்கினால் அரண்மனையின் நுழைவாயில் எதிரிலேயே இருக்கிறது. ஷேர் ஆற்றின் குறுக்கே, நீருக்கு மேலே கட்டப்பட்ட மாளிகை அது. தோமா போயியே என்ற அரசு நிதி அதிகாரி 1513இல் வாங்கிக் கட்டத் தொடங்கினார். அவர் போர்களின் பொருட்டு இத்தாலியில் கிடந்த காலத்தில் வேலையை முன்னின்று நடத்தியவர் மனைவி கத்தரின் பிரிசோனே. 1547இல் இரண்டாம் ஹென்றி தன் காதலி தியான் தெ புவாத்தியேவுக்கு அதைக் கொடுத்தார். மாளிகையிலிருந்து எதிர்க்கரைக்குப் பாலம் கட்டியவர் தியான். 1559இல் அரசர் இறந்ததும் அரசி கத்தரின் தெ மெதிச்சி, ஷோமோன் அரண்மனையைத் தியானுக்குக் கொடுத்துவிட்டு ஷெனோன்சோவைத் தன்னிடம் வாங்கிக்கொண்டார். பிறகு போட்டியாளர் கட்டிய அதே பாலத்தின் மேல் அறுபது மீட்டர் நீளமுள்ள கூடத்தை எழுப்பினார். இருவரின் தோட்டங்களும் இன்றும் மாளிகையின் இரு பக்கங்களிலும் எதிரெதிராக இருக்கின்றன. சக்களத்திச் சண்டைக்கு இப்படியொரு நினைவுச்சின்னம் உலகில் வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

அம்மா அந்தக் கூடத்தில் கொஞ்ச நேரம் உட்காரட்டும். முதல் உலகப் போரில் அது காயம்பட்ட படைவீரர்களின் மருத்துவமனையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஷேர் ஆறே எல்லைக்கோடாகிவிட்டது. முன்வாசல் ஜெர்மானியர் பிடித்திருந்த பகுதியிலும், கூடத்தின் தென்கோடிக் கதவு மறுபகுதியிலும் இருந்ததால், பலர் அந்தக் கதவு வழியாகத் தப்பிப் போனார்கள். பிறகு கீழே இறங்கிச் சமையலறைகளைப் பாருங்கள். அவை ஆற்றுக்குள் ஊன்றிய தூண்களின் உட்பகுதியில் இருக்கின்றன. ரொட்டி சுடும் அடுப்பும், வரிசையாகத் தொங்கும் செம்புப் பாத்திரங்களும், சரக்குப் படகுகள் வந்து அணைந்த துறையும் அங்கே உண்டு. சன்னல் வழியாகப் பார்த்தால் தண்ணீர் மிக அருகில் ஓடுகிறது. என் அத்தை அரசியின் படுக்கையறையில் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை, இந்த அடுப்படியில் அரை மணி நேரம் நின்றார்.

மாடிக்குப் போகும் படிக்கட்டு சுழலாமல் நேராக ஏறுவது. பிரான்சில் அப்படிக் கட்டப்பட்ட முதல் படிக்கட்டுகளில் அதுவும் ஒன்று, முழங்காலுக்கு ஏற்றது. திரும்பும் ரயில்கள் குறைவு என்பதால் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

சுண்ணக்கல்:

நான் கட்டடப் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஷாம்போர் காலியாக இருக்கிறது என்று உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான், ஆனால் அதைக் கட்டிய அரசர் முதலாம் பிரான்சுவாவின் காலத்திலும் அது அப்படித்தான் இருந்தது.

அக்காலத்தில் பிரெஞ்சு அரசவை ஓரிடத்தில் நிலைத்து இருக்கவில்லை. அரசர் வேட்டைக்கோ விருந்துக்கோ கிளம்பினால், கட்டில், திரைச்சீலைகள், பாத்திரங்கள், பெட்டிகள் எல்லாம் வண்டிகளில் அவருக்குப் பின்னால் வந்தன. அவர் கிளம்பியதும் அவையும் கிளம்பின. மரச்சாமானுக்குப் பிரெஞ்சில் உள்ள சொல்லுக்கே "அசையக்கூடியது" என்றுதான் பொருள். நம் பத்திரங்களில் அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று பிரிக்கிறோமே, அதே கணக்கு. 1519இல் தொடங்கிய இந்த மாளிகையில், தன் முப்பத்திரண்டு ஆண்டு ஆட்சியில் பிரான்சுவா தங்கியது மொத்தம் எழுபது நாள்களுக்குச் சற்றே கூடுதல். நானூறுக்கும் மேற்பட்ட அறைகள், 282 கணப்பு அடுப்புகள்! அது குடியிருக்கக் கட்டிய வீடல்ல, வந்து பார்க்கும் வேற்று நாட்டாரைத் திகைக்க வைப்பதற்காகக் கட்டியது. 1539இல் பேரரசர் ஐந்தாம் சார்லசை அங்கே அழைத்துக் காட்டியபோது அந்த நோக்கம் நிறைவேறியது என்றே சொல்ல வேண்டும். பதினான்காம் லூயியின் காலத்து அறைகளில் இப்போது சாமான்கள் வைத்திருக்கிறார்கள், ஆனால் நான் அவற்றுக்காக அங்கே போவதில்லை.

நான் போவது நடுவிலுள்ள படிக்கட்டுக்காக. கற்களால் ஆன ஒரு வெற்றுத் தண்டைச் சுற்றி இரண்டு சுழல் படிகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னி ஏறுகின்றன. ஒன்றில் நீங்கள் ஏற, மற்றொன்றில் உங்கள் தந்தை ஏறினால், தண்டிலுள்ள சாளரங்கள் வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போகலாம், சந்திக்க முடியாது. லியனார்டோ டாவின்சியின் யோசனை என்று பலரும் சொல்கிறார்கள். இந்தப் படிக்கட்டுக்காக அவர் வரைந்த படம் எதுவும் கிடைக்கவில்லை. அம்புவாசில் அவர் இறந்த மே 2, 1519க்குச் சில மாதங்களுக்குப் பிறகுதான் கட்டுமானமே தொடங்கியது. இருந்தாலும் அரசரின் விருந்தினராக மூன்று ஆண்டுகள் அருகிலேயே இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலா இருந்திருப்பார்கள் என்று எனக்கும் தோன்றுகிறது.

மேல்தளத்துக்கு ஏற முடிந்தால் புகைபோக்கிகளை உற்றுப் பாருங்கள். இப்பகுதியின் வெண்கல் மிருதுவானது, நகத்தால் கீறினாலே தூள் உதிரும். அதனால்தான் சிற்பிகள் அதில் இப்படி விளையாடியிருக்கிறார்கள். இத்தாலியிலிருந்து வண்ணப் பளிங்கு கொண்டுவருவதற்குப் பதிலாக, கூரை வேய்கிற கரும்பலகைக் கல்லை வட்டமாகவும் சாய்சதுரமாகவும் வெட்டி அந்த வெண்கல்லில் பதித்திருக்கிறார்கள். பளிங்குக்கு மாற்று என்று செய்தது பளிங்கைவிட அழகாக அமைந்துவிட்டது என்பது என் கட்சி. அம்மாவுக்கு இறங்குவது கடினமானால் முதல் தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். படிகள் அகலமானவை, அவசரப்படாமல் சுவரோரமாக இறங்கலாம்.

புளுவா ரயில் நிலையத்திலிருந்து பருவகாலத்தில் ஷாம்போருக்குப் பேருந்து போகிறது. நான் கூரையிலேயே மயங்கி நின்று கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, டாக்சிக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு முறை ஷாம்போருக்கு வந்திருக்கலாம். 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்கு அங்கே கட்டணம் கூடுதல் என்பதையும் உங்கள் பெற்றோர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீரைப்பாத்தி:

தந்தையைப் பற்றி யாருமே பேசவில்லையே! அவருக்கு வில்லாந்திரிதான். மாளிகைக்குள் போகாவிட்டாலும் குற்றமில்லை, தோட்டத்துக்கு மட்டும் தனிச் சீட்டு உண்டு. ஹோவாக்கின் கர்வல்யோ என்ற ஸ்பானிய மருத்துவர் 1906இல் இதை வாங்கி, தன் ஆய்வுப் பணியையே விட்டுவிட்டு, பிற்காலத்தில் அமைத்திருந்த ஆங்கிலப் பாணிப் பூங்காவைக் களைந்து, பதினாறாம் நூற்றாண்டு முறையில் தோட்டம் போட்டார். காய்கறித் தோட்டம் ஒன்பது சதுரங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு கோலம். முட்டைக்கோசும் பீட்ரூட்டும் பூசணியும் கோலப்பொடிபோல நிறத்துக்கு நிறம் அடைத்து நடப்பட்டிருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றி நடுகிறார்கள். நீங்கள் போகும் செப்டம்பரில் இரண்டாம் நடவு முற்றி நிறைந்திருக்கும். மேல்தளத்திலிருந்து பார்த்தால்தான் கோலம் முழுதாகத் தெரியும், ஆகவே நேராகப் பாத்திகளுக்குள் இறங்கிவிடாதீர்கள்.

தூரிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். மூன்று பேர் என்பதால் டாக்சியே எடுத்துவிடலாம்.

வைகைக்கரை:

அனைவருக்கும் மிக்க நன்றி. தொலைபேசியில் எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் இரண்டு கேள்விகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நீங்கள் எல்லோரும் அரண்மனை, மாளிகை என்கிறீர்கள். வழிகாட்டி நூல்களில் கோட்டை என்றிருக்கிறதே, எது சரி? அடுத்தது, புளுவா, அம்புவாஸ் அரண்மனைகள் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

சுண்ணக்கல்:

அம்மாவின் முதல் கேள்விக்கு விடை லாங்ஜே என்ற சிற்றூரில் கண்ணெதிரே நிற்கிறது. "ஷாத்தோ" என்ற ஒரே பிரெஞ்சுச் சொல் கோட்டைக்கும் அரண்மனைக்கும் நாட்டுப்புற மாளிகைக்கும் பொதுவானது. தமிழில் நாம்தான் இடத்துக்கு இடம் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1429இல் ஜோன் ஆஃப் ஆர்க் ஏழாம் சார்லசைச் சந்தித்த ஷினோன், ஐயமில்லாமல் கோட்டை. ஆங்கிலேயருடனான நூறாண்டுப் போர் 1453இல் முடிந்த பிறகு தடித்த மதில்களுக்கான தேவை குறைந்தது. பதினோராம் லூயி ஏறத்தாழ 1465இல் கட்டிய லாங்ஜே, இந்த மாற்றத்தின் நடுவில் நிற்கிறது: ஊரைப் பார்த்த பக்கம் உருண்டைக் கோபுரங்களும் தூக்குப்பாலமும், வாயிலைக் கடந்து உள்முற்றத்தில் நின்று திரும்பிப் பார்த்தால், அகலமான சன்னல்களுடன் வசிப்பதற்கேற்ற வீடு. ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கட்டிய ஆசே-லெ-ரிதோவில் கோபுரங்கள் வெறும் அலங்காரமாகிவிட்டன.

இரண்டாவது கேள்விக்கு, வரலாற்று ஆசிரியை என்பதால் புளுவா என்பேன். ஒரே முற்றத்தில் நின்றால் போதும், நான்கு காலங்கள் சுற்றிலும் நிற்கின்றன: பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெருங்கூடம், செங்கல்லும் வெண்கல்லும் கலந்த பன்னிரண்டாம் லூயியின் பகுதி, எண்கோணப் படிக்கட்டு வெளியே துருத்தி நிற்கும் பிரான்சுவாவின் பகுதி, பிறகு காஸ்தோன் என்ற இளவரசர் கட்டத் தொடங்கிய பகுதி. அரசராக இருந்த அண்ணனுக்குப் பிள்ளையில்லாததால் தானே அடுத்த அரசர் என்று நம்பிய காஸ்தோன், பழையவற்றையெல்லாம் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட 1635இல் தொடங்கினார். 1638இல் அண்ணனுக்குப் பதினான்காம் லூயி பிறந்தார். பணவரவு நின்றது, வேலையும் நின்றது. அந்தக் குழந்தை பிறக்காதிருந்தால் பிரான்சுவாவின் படிக்கட்டு இன்று இருந்திருக்காது. மேலே, 1588 டிசம்பர் 23 அன்று மூன்றாம் ஹென்றி தன் எதிரியான கீஸ் கோமகனைக் கொல்வித்த அறைகளைப் பார்க்கலாம். அப்போது அதே அரண்மனையில் நோயுற்றுக் கிடந்த தாய் கத்தரின் தெ மெதிச்சி இரண்டு வாரத்தில் இறந்தார். முந்தின நாள் ஷெனோன்சோவில் அவரைச் சந்தித்திருப்பீர்கள், எனவே கதை தொடரும்.

தூர்வாசி:

இதில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. அம்புவாசில் லியனார்டோவின் கல்லறை எனக் கருதப்படுவது, மதில்மேலுள்ள சிறு தேவாலயத்தில் இருக்கிறது. அவர் வாழ்ந்த குளோ லூசே சற்று நடந்தால் வந்துவிடும். அவர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்தபோது கூடவே கொண்டுவந்த ஓவியங்களில் மோனாலிசாவும் ஒன்று. 1939இல் போருக்கு அஞ்சி லூவ்ரிலிருந்து அதே மோனாலிசாவை ஷாம்போருக்குக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். எட்டாம் சார்லஸ் 1498இல் அம்புவாசின் தாழ்ந்த நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு அன்றே இறந்தார் என்பதைக் கேட்ட பிறகு என் மகன் அங்கே ஒவ்வொரு வாசலிலும் குனிந்தே நடந்தான்.

ஆனால் அம்புவாசுக்கு ஊரிலிருந்து மேட்டின்மேல் ஏறவும் இறங்கவும் வேண்டும். முழங்கால்தான் முடிவு செய்யுமென்றால், புளுவாவிலும் நிலையத்திலிருந்து ஏற்ற இறக்கம் உண்டு என்றாலும், ஷாம்போர் பேருந்து அங்கிருந்தே கிளம்புவதால் ஒரே நாளில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வைகைக்கரை:

அப்படியே செய்கிறோம். முதல் நாள் ஷெனோன்சோ, இரண்டாம் நாள் காலையில் ஷாம்போரும் திரும்பும் வழியில் புளுவாவும், மூன்றாம் நாள் வில்லாந்திரி; லாங்ஜே அதே திசையில் இருப்பதால் டாக்சிக்காரர் ஒப்புக்கொண்டால் அதையும் பார்த்துவிடுவோம். அம்புவாஸ் இல்லை என்றதும் அம்மா, ஒரு வேளை உணவைக் குறைத்துக்கொண்டு போக முடியாதா என்று கேட்கிறார். அப்பா இதுவரை கேட்ட ஒரே கேள்வி, அந்த முட்டைக்கோசையெல்லாம் கடைசியில் யார் சாப்பிடுகிறார்கள் என்பதுதான். கீரைப்பாத்தி அவர்களுக்குத் தெரிந்தால் சொல்லவும்.