யாழ்ப்பாணத் திரைப்பட விழாவுக்குப் போகிறேன்: இரண்டு நாளில் எதைப் பார்க்கலாம்?

டிக்கோயாப் பையன்:

வணக்கம். யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவுக்கு இந்த முறை எப்படியும் போவது என்று முடிவெடுத்துவிட்டேன். கடையில் சனி, ஞாயிறு மட்டும்தான் லீவு தருவார்கள். அட்டவணையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் படம். முழுநீளப் படங்கள், முதல் பட இயக்குநர்கள், குறும்படத் தொகுதிகள், உள்நாட்டுப் படங்கள் என்று எல்லாமே இருக்கிறது. கான், பெர்லின் போய்ப் பரிசு வாங்கிய படங்களாகப் பொறுக்கிப் பார்ப்பதா, வேறு எப்படித் தெரிவு செய்வது?

இன்னொன்று. தோட்டத்து நண்பர்களோடு சேர்ந்து போனில் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறேன். 22 நிமிடம். பறித்த தேயிலைக் கொழுந்தை மடுவத்தில், அதாவது நிறுக்கிற கொட்டகையில், நிறுக்கும்போது வருகிற ஒரு தகராறுதான் கதை. அதை எங்கேயாவது அனுப்ப வேண்டும் என்று ஆசை. விழாக்களுக்குப் போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

நல்லூரான்:

வாங்கோ தம்பி. கண்டிக்கு வந்து அங்கே இரவு பஸ் எடுங்கோ. ஏ9 வீதியே கண்டியில்தான் தொடங்குகிறது. மாத்தளை, தம்புள்ளை, வவுனியா தாண்டி ஏறத்தாழ 320 கிலோமீற்றர். வெள்ளி இரவு ஏறினால் விடிய இங்கே நிற்பீங்கள். முதல் காட்சிக்கு முன்னம் எங்கேயாவது குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழும்புங்கோ. பஸ்ஸால் இறங்கி நேரே தியேட்டருக்குள் போனால் நித்திரைதான் வரும். படங்களைப் பற்றி விசயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பனிமலை டீச்சர்:

தம்பி, பரிசு வாங்கிய படம் என்ற கணக்கை முதலில் விடுங்கள். அந்தப் படங்கள் எப்படியும் ஒருநாள் போனுக்கே வந்துவிடும். 2015இல் கானில் தங்கப் பனை வாங்கிய 'தீபன்' பெரும்பாலும் தமிழில் பேசுகிற படம், நம் எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்தது. அதையே எங்கள் பக்கத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் போனில்தான் பார்த்தார்கள். விழாவில் விட்டால் திரும்பக் கிடைக்காதது குறும்படங்களும், பெயர் தெரியாதவர்களின் முதல் படங்களும்தான். வாங்கி வெளியிட ஆள் இல்லாத படத்தை விழா முடிந்த பிறகு எங்கே போய்த் தேடுவீர்கள்? நீங்கள் குறும்படம் எடுத்தவர் வேறு. ஒரு தொகுதிக்குள் ஐந்தாறு படம் வரும். எவன் எந்த இடத்தில் நிறுத்துகிறான் என்று பார்த்தாலே பாதி வித்தை கைக்கு வந்துவிடும்.

அடுத்து, இலங்கைப் படம் எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் மலை சினிமாவுக்குப் புதிது இல்லை. ஹட்டனில் இருந்து கொழும்புக்கு இறங்கும் வழியில், கித்துல்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே பாலம் கட்டி, அதை வெடிக்க வைத்துப் படம் பிடித்தார்கள். 'தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் குவாய்', 1957. கதை நடப்பது தாய்லாந்துப் பக்கம். அன்றைக்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆறும் காடும். பிறகு வந்த பலருக்கும் மலை வேண்டும், பனி வேண்டும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் வேண்டாம். கொழுந்து எடுக்கும் பெண் தூரத்தில் நிற்பார். இடுப்பில் கட்டிய படங்கு தெரியும், தலையில் கயிறு போட்ட கூடை தெரியும். பின்னேரம் மடுவத்தில் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அவருடைய முகம் தெரியாது. கொழுந்தில் இருக்கிற தண்ணீருக்கு, சாக்கின் எடைக்கு என்று நிறுவையில் கிலோ குறைக்கும்போது வாய்க்குள்ளேயே கணக்குப் போடுகிற உதட்டை நான் எந்தப் பெரிய திரையிலும் பார்த்ததில்லை. நீங்கள் அதைத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' எங்கே போட்டாலும் விடாதீர்கள். 2022 பொருளாதார நெருக்கடி நேரம் மலைநாட்டுக்குச் சுற்றுலா வருகிற கேரளத் தம்பதியின் பொருட்கள் களவு போகின்றன. பொலிஸ் பிடித்துக்கொண்டு வருவது தோட்டத்து ஆட்களை. 2023இல் பூசான் விழாவில் கிம் ஜிசியோக் விருது வாங்கிய படம். 2012இல் அவர் எடுத்த 'ஒப நத்துவ ஒப எக்க'வும் மலைநாட்டில் நடக்கிற கதைதான். அதில் தமிழ்ப் பெண்ணாக நடித்த அஞ்சலி பாட்டீலுக்கு அந்த ஆண்டு கோவா திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது. அப்புறம், பேராதனையில் ஆங்கிலம் கற்பித்த சுமதி சிவமோகனின் 'இங்கிருந்து', 2013. மூன்றில் எனக்கு நெருக்கமானது இதுதான். அதில் கதையின் நடுவிலேயே நம் ஆட்கள் நிற்கிறார்கள்.

படம் முடிந்ததும் எழும்பி ஓடாதீர்கள். இயக்குநர் வந்திருந்தால் கலந்துரையாடல் இருக்கும். கை தூக்கித் தமிழிலேயே கேளுங்கள். 2015இல் அனோமா ராஜகருணா இந்த விழாவை யாழ்ப்பாணத்தில் தொடங்கினார். கொழும்புக்கு வெளியே இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இப்படி ஒரு இடம் கிடைத்ததே பெரிய விசயம். அங்கே போய் வாய் மூடி இருந்துவிட்டு வரக்கூடாது.

கட்டுகஸ்தோட்டை எடிட்டர்:

டீச்சர் சொன்னதோடு முழுக்க உடன்பாடு. நான் அனுப்புகிற விசயத்தை மட்டும் சொல்கிறேன்.

நிறைய விழாக்கள் ஃபிலிம்ஃப்ரீவே என்ற இணையத் தளத்தின் வழியாகத்தான் படங்களைப் பெற்றுக்கொள்கின்றன. சிலதுக்குக் கட்டணம் உண்டு, சிலதுக்கு இல்லை. இல்லாததில் இருந்து தொடங்குங்கள். நீளத்துக்கு விழாவுக்கு விழா ஒரு விதி. கானின் குறும்படப் போட்டிக்கு பெயர்கள் ஓடும் எழுத்தோட்டத்தோடு சேர்த்து 15 நிமிடம், பெர்லினுக்கு 30, ஒஸ்கார் கணக்கில் 40. உங்கள் 22 நிமிடம் பல இடங்களுக்குப் பொருந்தும். ஆனாலும் குறைக்க முடிந்தால் குறைப்பது நல்லது. ஒரு தொகுதிக்குள் நீளமான படத்துக்கு இடம் பிடிப்பது கஷ்டம்.

ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். தோட்டத்துப் பேச்சைப் புரிந்த ஒருவரைக்கொண்டு எழுதுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு ஏதாவது ஓடினால் எடுத்துவிடுங்கள், உரிமை கேட்பார்கள். போனில் எடுத்த படத்தில் முதலில் காட்டிக்கொடுப்பது சத்தம்தான். மடுவத்துக்குள் தகரக் கூரை இருந்திருக்கும், எதிரொலிக்கும். வசனம் தெளிவில்லாத இடங்களை மட்டுமாவது திரும்பப் பதிவு செய்யுங்கள்.

டிக்கோயாப் பையன்:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை இரண்டு குறும்படத் தொகுதியும் ஒரு இலங்கைப் படமும் குறித்துவிட்டேன். ஞாயிறு காலை ஒரு முதல் படம், அதோடு பஸ். எடிட்டர் அண்ணே, சத்தம் நீங்கள் சொன்ன மாதிரியே தகரத்தில் மோதுகிறது, திரும்பப் பதிவு செய்கிறோம். டீச்சர், 15 நிமிடத்துக்குக் குறைக்க வேண்டும் என்றால் நிறுக்கிற காட்சியில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். நாலு நிமிடம் ஒரே இடத்தில் போகிறது. நண்பர்கள் வெட்டு என்கிறார்கள்.

பனிமலை டீச்சர்:

அதில் கை வைக்காதீர்கள். படம் தொடங்கும்போது மலையைச் சுற்றிக் காட்டுவது, ஆட்கள் நடந்து வருவது, தகராறு முடிந்த பிறகு ஒருவர் நின்று விளக்கம் சொல்வது, இப்படி ஏதாவது இருந்தால் அங்கே வெட்டுங்கள். அப்படியும் 15க்குள் வராவிட்டால் கானுக்கு அனுப்பாமல் விடுங்கள், 22க்கு இடம் தருகிற விழாக்கள் போதும்.

வெளியே அனுப்ப முன்னம் எங்கள் பாடசாலை மண்டபத்தில் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ப்ரொஜெக்டர் இருக்கிறது, அதிபரிடம் நான் கதைக்கிறேன். நடித்தவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வேலை நாளில் அவர்களால் வர முடியாது, ஞாயிறு பின்னேரம் வைத்துக்கொள்வோம்.