மேட்டில் நின்றால் கார் பின்னால் உருள்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

நெல்லைக்காரி:
வணக்கம். எனக்கு 43 வயது. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து மூன்று மாதம் ஆகிறது. டிரைவிங் ஸ்கூலில் 20 கிளாஸ் முடித்தேன், அங்கே ஒருநாளும் வண்டி ஆஃப் ஆனதில்லை. இப்போது வீட்டு ஆல்டோவில் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்தால் நேர் ரோட்டிலேயே ஆஃப் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் பஸ் நின்றது, நானும் நின்றேன். பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குக் கால் போவதற்குள் வண்டி பின்னால் உருண்டுவிட்டது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கணவர்தான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். இன்னும் கை நடுங்குகிறது. ஸ்கூலில் வந்தது இங்கே ஏன் வரவில்லை?

16 வருடப் பயிற்சியாளர்:
அம்மா, ஸ்கூல் வண்டியில் எங்கள் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. நீங்கள் கிளட்சைச் சட்டென்று விட்ட போதெல்லாம் பயிற்சியாளர் தன் காலால் பிடித்திருப்பார். அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. சொல்லித் தராதது அவர் தப்பு, உங்கள் தப்பு இல்லை.

காலியான மைதானத்துக்குப் போங்கள். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முட்டி லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை நகர்த்துங்கள். முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெதுவாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கனத்து இறங்கும், ஸ்டீயரிங் லேசாக அதிரும். அதுதான் ஹாஃப் கிளட்ச். காலை அங்கேயே நிறுத்துங்கள், வண்டி தானாக நகரும். இதையே தினமும் முப்பது தடவை செய்யுங்கள்.

அப்புறம் மேடு. ஹேண்ட்பிரேக் இழுத்தபடியே முதல் கியர், கொஞ்சம் ஆக்சிலேட்டர், கிளட்ச் பாதி. பானெட் லேசாகத் தூக்கி, வண்டி முன்னால் திமிறும். அப்போது ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது.

மதுரை அக்கா:
தங்கச்சி, ரப்பர் செருப்போடு ஓட்டாதே, பெடலுக்கு அடியில் மாட்டும். எனக்கு ஒருமுறை மாட்டியது. டெஸ்ட்டுக்கும் அவசரப்படாதே. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். டெஸ்ட்டில் தவறினாலும் ஏழு நாள் கழித்துத் திரும்பப் போகலாம். கால் பழகும்வரை மேம்பாலம் வேண்டாம். முன்னும் பின்னும் 'எல்' போர்டு ஒட்டியிருக்கிறாயா?

நெல்லைக்காரி:
ஒட்டியிருக்கிறேன் அக்கா. நான்கு நாளாகக் காலை ஐந்தரைக்கே மைதானம் போகிறோம். இன்று அந்த அதிர்வு காலில் தெரிந்தது! முப்பதில் நான்கு தடவைதான் ஆஃப் ஆனது. கடைசியில் ஏதோ கருகிய வாடை வந்தது, பயமாக இருக்கிறது.

16 வருடப் பயிற்சியாளர்:
கிளட்ச் பிளேட் சூடாகியிருக்கும். ஹாஃப் கிளட்சில் ரொம்ப நேரம் பிடித்தால் அப்படித்தான் வரும். வாடை வந்ததும் நியூட்ரலில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். நாளை பத்துத் தடவைக்கு ஒருமுறை இடைவெளி விட்டுப் பாருங்கள். சும்மா ஓட்டும்போதும் வாடை வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.