வேன் கதவடியில் கறள், தகடு வெட்டி ஒட்டுவது எப்படி? (அவசரம்)

கல்லடிப் பாலம்:
வணக்கம். வேனின் கதவுக்குக் கீழே கறள் தின்று ஓட்டை விழுந்துவிட்டது. விரலால் அழுத்தினாலே உதிர்கிறது. போன வருஷம் ஒரு கராஜில் கட்டலோய் (ஓட்டை அடைக்கிற பசை) அப்பிப் பெயின்ட் அடித்துத் தந்தார்கள். ஒரு மாரி தாங்கவில்லை, பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. இந்த முறை தகடு வெட்டி நானே பிடிக்கலாம் என்று யோசிக்கிறேன். மச்சானிடம் வெல்டிங் பிளான்ட் இருக்கிறது. என்ன கேஜ் (தடிப்பு) தகடு வாங்க வேண்டும்? மழை தொடங்குமுன் முடிக்க வேண்டும், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஏறாவூர் காக்கா:
என்ன வேன் தம்பி? எந்த வருஷம்? கதவுக்குக் கீழே என்றால் கதவின் அடித் தகடா, கால் வைத்து ஏறுகிற படியா? ஒரு படம் போடுங்கள்.

தம்பிலுவில் டீசல்:
பிளான்ட் எது? ரொட் வைத்துப் பிடிக்கிற ஆர்க்கா, வயர் ஓடுகிற மிக்கா? ஆர்க் என்றால் இப்போதே விட்டுவிடுங்கள். வேன் பொடித் தகடு (வண்டியின் உடல் தகடு) ஒரு மில்லிக்கும் மெல்லிசு. 2.5 மில்லி ரொட்டைத் தொட்டவுடன் இருக்கிற ஓட்டை இரண்டு மடங்காகும்.

அக்கரைப்பற்று பஸ்:
வெல்டிங்கே வேண்டாம். கூரை போட்ட தகட்டில் மிச்சம் இருந்தால் வெட்டி, சிலிக்கன் பூசி, பொப் ரிவெட் அடித்துவிடுங்கள். எங்கள் லொறியின் பக்கத் தகடு அப்படித்தான் இன்றும் ஓடுகிறது.

பழைய பட்டறை:
வண்டியின் பெயரைச் சொல்லாமல் கேஜ் கேட்கிறார், உடனே ஒருவர் ரிவெட்டோடு வந்துவிட்டார். இந்தக் கேள்வி இங்கே எத்தனை தரம் வந்திருக்கிறது! தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. டிங்கர் வேலை வீடியோ பார்த்துப் பழகுகிற வேலை அல்ல தம்பி. சரி, வந்துவிட்டீர், கேளும்.

லொறியின் பக்கத் தகடு வெறும் மறைப்பு. பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கிற சேசிஸ். இந்தச் சின்ன வேன்களில் பொடியே பாரம் தாங்குகிறது, கதவடிப் பெட்டிதான் அதன் முதுகெலும்பு. அங்கே ரிவெட் அடித்தால் பலமும் வராது, இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் நின்று உள்ளிருந்து தின்னும். கூரைத் தகட்டில் வெல்டிங் பிடிக்கவும் நினைக்காதீர். அதன் நாகப் பூச்சு எரிகிற புகையை இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும்.

20 கேஜ் கறுப்புத் தகடு எடும், சுமார் 0.9 மில்லி. பெட்டியின் அடிப்பாகத்துக்கு மட்டும் 18 கேஜ், 1.2 மில்லி. அதைவிடத் தடித்தால் பழைய தகடு சூட்டில் உருகும், புதியது உருகாது, பிடிப்பு வராது.

சாய்ந்தமருது மகள்:
வாப்பாவின் கராஜில் வளர்ந்தவள் நான். எல்லாரும் தகட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு வேறு ஒரு கேள்வி. அந்த வேனில் என்ன ஏற்றினீர்கள்? மீனா?

ஏறாவூர் காக்கா:
நல்ல கேள்வி. கடற்கரை ஓரம் நிறுத்துகிறாரா என்பதும் தெரிய வேண்டும்.

செங்கலடி காஸ்:
மிக் மிக் என்கிறீர்கள். மெல்லிய தகட்டுக்குக் காஸ் வெல்டிங்கை அடிக்க ஆள் இல்லை. பிடித்த இடம் மெதுமையாக இருக்கும், சுத்தியலும் டொலியும் (பின்னால் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கட்டை) வைத்துத் தட்டித் தகட்டோடு தகடாக்கலாம். மிக் பிடித்த இடம் கல்லு மாதிரி, கிரைண்டர்தான் கதி. கிரைண்டர் கொஞ்சம் கூடினால் பக்கத்துத் தகடும் தேய்ந்து போகும்.

தம்பிலுவில் டீசல்:
காஸில் சூடு பரவித் தகடு அலை அலையாகச் சுருங்குவதை ஏன் அண்ணன் சொல்லவில்லை? கை பழகினவருக்குச் சரி. இவர் முதல் தடவை பிடிக்கப் போகிறார். 0.6 மில்லி வயர் போட்ட மிக்கில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போனால் புதியவரும் ஒப்பேற்றலாம்.

செங்கலடி காஸ்:
கை பழகாமல் யார் பிறந்தது? ஒக்சிஜன் குழாய் மட்டும் இருந்த காலத்தில் இந்த ஊர் பஸ்கள் ஓடவில்லையா?

தம்பிலுவில் டீசல்:
ஓடின. உள்ளே மெத்தை, வயர், அடியில் டீசல் டாங்க் இருக்கிற வேனுக்குள் திறந்த சுவாலையை முதல் தடவை பிடிக்கிறவர் கையில் கொடுக்கச் சொல்கிறீர்களா? அதுதான் என் பயம்.

அக்கரைப்பற்று பஸ்:
தகடு வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய எண்ணெய் பரல் ஒன்றை வெட்டினால் அதே தடிப்பில் தகடு கிடைக்கும்.

பழைய பட்டறை:
பரலை வெட்டச் சொல்லி யாருக்கும் சொல்லாதீர்! காலியான பரலுக்குள் ஆவி நிற்கும், கிரைண்டர் பொறி பட்டால் வெடிக்கும். வெறும் பரல்தானே என்று வெட்டப்போய் உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். உடைத்து விற்கிற கடையில் பழைய பொனற் (எஞ்சின் மூடி) ஒன்றைக் கேட்டு வாங்கும். வாகனத் தகடு வளைக்க இணங்கும், தடிப்பும் பொருந்தும்.

மட்டக்களப்பு 7:
இவ்வளவு பாடுபடுவதைவிட விற்றுவிட்டு வேறு எடுக்கலாமே?

ஏறாவூர் காக்கா:
எங்கே எடுப்பது தம்பி? 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியோடு பார்த்தால் நம்மைப் போன்றவர்கள் கிட்டப் போக முடியாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

கல்லடிப் பாலம்:
தாமதத்துக்கு மன்னிக்கவும், வேலைக்குப் போயிருந்தேன். வண்டி டொயோட்டா டவுன் ஏஸ் சீஆர்27, 1989. தள்ளு கதவின் படி, உள்ளங்கை அளவு ஓட்டை. பிளான்ட் ஆர்க்தான். மீன் ஏற்றுவது உண்மை, வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஐஸ் பெட்டியோடு வருவேன். தரைக்கு ரப்பர் மெட் போட்டிருக்கிறேன், தண்ணீர் கீழே போகாது.

சாய்ந்தமருது மகள்:
அண்ணன், போகிறது. மெட்டின் ஓரத்தால் இறங்கி அடியில் தேங்குகிறது. ஐஸ் உருகிய தண்ணீரில் மீனின் உப்பும் இருக்கிறது. உங்கள் கறள் வெளியிலிருந்து வந்ததல்ல, உள்ளே தொடங்கி வெளியே வந்திருக்கிறது. வெளியே உள்ளங்கை அளவு தெரிந்தால் உள்ளே முழங்கை நீளத்துக்குப் போயிருக்கும்.

அதனால் தகடு வாங்குமுன் மெட்டைத் தூக்குங்கள். கிணற்றுத் தண்ணீராலோ குழாய்த் தண்ணீராலோ, படிக்குள்ளும் தரைக்குள்ளும் அடித்துக் கழுவுங்கள். ஒரு தடவை போதாது. கறள் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு எந்தப் பிரைமர் அடித்தாலும் அடுத்த மாரியில் கொப்பளிக்கும். போன வருஷம் கட்டலோய் பெயர்ந்ததும் அதனால்தான். பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மருந்தும் உப்பைக் கழுவின பிறகுதான் வேலை செய்யும். நன்றாகக் காயவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மந்தமாகக் கேட்கிற இடமெல்லாம் போன இடம். 'டிங்' என்று கேட்கிற இடம் வரை வெட்டுங்கள், அதற்கு முன் நிறுத்தாதீர்கள்.

பழைய பட்டறை:
தங்கச்சி சொன்னது நூறு வீதம் சரி. வெட்டுமுன் மூன்று விஷயம் சொல்கிறேன், நன்றாகக் கேளும். வண்டியைச் சமதரையில் நான்கு சில்லிலும் நிறுத்தும், ஒரு மூலையில் ஜாக் அடித்து வெட்டினால் பொடி திருகிப்போகும், கதவு பிறகு ஓடாது. கதவு இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதி வையும். தள்ளு கதவு ஓடுகிற கீழ் ரெயில் படியோடு சேர்ந்திருக்கிறது, அதைத் தனியாக வெட்டி எடுத்தால் திரும்ப நேராக வைக்க முடியாது, சுற்றித்தான் வெட்ட வேண்டும்.

தகட்டை மேலே ஏற்றி ஒட்டாதீர், விளிம்போடு விளிம்பு வைக்கும், ஒரு மில்லி இடைவெளி விடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம். சூடு ஆறுமுன் பக்கத்தில் வைக்காதீர், தண்ணீரும் ஊற்றாதீர். தொடங்குமுன் பற்றரியின் மைனஸைக் கழற்றும். ஒரு ஆள் தண்ணீர் வாளியோடு உள்ளே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், மெத்தையடியில் புகைவது வெளியில் நிற்கிறவருக்குத் தெரியாது.

சாய்ந்தமருது மகள்:
படியின் அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் இருக்கும், புதுத் தகட்டிலும் அவற்றைத் திறந்து விடுங்கள். வெல்டிங் பிடித்தால் உள்ளே இருந்த பெயின்டும் எரிந்து போகும், அதனால் கடைசியில் உள்ளுக்குள் மெழுகு ஸ்பிரே அடிக்க வேண்டும்.

செங்கலடி காஸ்:
மெழுகு கிடைக்காவிட்டால் எஞ்சினிலிருந்து இறக்கின ஒயிலை அடிக்கலாம்.

சாய்ந்தமருது மகள்:
இறக்கின ஒயிலில் அமிலம் இருக்கும், கதவு ரப்பரையும் கெடுக்கும். கியர் ஒயில் புதிதாக வாங்கி அடியுங்கள், மலிவுதான்.

கல்லடிப் பாலம்:
மெட்டைத் தூக்கிவிட்டேன். சொன்ன மாதிரியே உள்ளே இன்னும் நீளமாகப் போயிருக்கிறது, பின் சில்லு வளைவு வரை. கழுவிக் காயவிட்டிருக்கிறேன். செங்கலடியில் மிக் வைத்திருக்கிற ஒருவர் வந்து பிடிப்பதாகச் சொன்னார், தகடு வெட்டி வளைப்பதை மட்டும் நான் செய்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

பழைய பட்டறை:
முதலில் காட்போட் மட்டையில் வெட்டி வைத்துப் பாரும், பொருந்தினால் தகட்டில் வெட்டும். மீன் பெட்டிக்கு அடியில் ஓரம் மடித்த தட்டு ஒன்று போடும்.

ஏறாவூர் காக்கா:
முடிந்ததும் படம் போடுங்கள் தம்பி. அவர் எவ்வளவு கேட்டார் என்றும் சொல்லுங்கள்.

பொத்துவில் ஹயேஸ்:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் கண்ணாடி ரப்பருக்குக் கீழே. தகடு வைக்கலாமா?

தம்பிலுவில் டீசல்:
எந்த மொடல்? முன் கண்ணாடியா, பக்கக் கண்ணாடியா? புது இழை ஒன்று தொடங்குங்கள்.